இரண்டு தட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம், வட்டாரத்துப் பெண்கள் சேர்ந்து குளிக்க வருகிற ஹம்மாமின் சூடறையில் எள் போட்டால் கீழே விழாது. ஆவிக்குள் யார் தலை, யார் கால் என்று தெரியவில்லை. வாளிகள் உரசுகிற சத்தம், பிள்ளைகளின் அழுகை, தாய்மார்களின் அதட்டல் எல்லாம் வளைந்த கூரையில் மோதித் திரும்பி வந்தன. மஹ்ஜூபா ஈரத்தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, கல்லூரிப் பெண் ஒருத்தியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் சொரசொரப்பான கறுப்புக் கையுறை. இடுப்பிலிருந்து தோள்வரை ஒரே இழுப்பு. அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்தது.

"அம்மாடி, ஒரு மூட்டை இருக்கும் போலிருக்கே! எத்தனை நாளாச்சு குளிச்சு?"

"வெள்ளிக்கிழமைதான் வீட்டுல குளிச்சேன், லல்லா." மரியாதைக்கு ஒரு 'லல்லா' சேர்த்துச் சொன்னாள் பெண்.

"அது குளியல் இல்ல. தண்ணியைக் கண்ணால பாத்துட்டு வர்றது."

சொல்லிவிட்டு அவள் தோளில் ஈரக்கையால் பட் பட் என்று இரண்டு தட்டுத் தட்டினாள். பெண் மறுபேச்சில்லாமல் மல்லாந்து படுத்தாள். இரண்டு தட்டு என்றால் திரும்பிப் படு, ஒரு தட்டு என்றால் கையைத் தூக்கு. இந்த இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்குக் கேட்கும்? நடை பழகிய நாளிலிருந்து வந்து போகிறவர்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மழை பொய்த்ததிலிருந்து வாரத்தில் நான்கு நாள்தான் திறப்பு. தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டுமாம். திங்கள், செவ்வாய், புதன் ஹம்மாம்களை மூடி வைக்க அரசாங்க உத்தரவு. முதலாளிக்கு அது தண்ணீர்க் கணக்கு; மஹ்ஜூபாவுக்கோ மூன்று நாள் அடுப்புக் கணக்கு. மிச்ச நாளில் கூட்டம் எவ்வளவு கூடினாலும் தேய்க்கிற கை இரண்டுதானே. அந்த இரண்டு கையை வைத்துத்தான் அவள் பத்தொன்பது வருஷமாக இந்த வட்டாரத்துப் பெண்களைத் தேய்த்தாள், புருஷன் போன பிறகு மகள் இக்ராமை வளர்த்தாள்.

"ஏய் மஹ்ஜூபா! ஆஸ்பத்திரியிலேர்ந்து போன்!"

வெளிவாசலில் துணிமணிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் காவல் இருக்கிற தாமு அக்காவின் குரல் அது. மூன்று அறைகளைத் தாண்டி வருகிற குரல்.

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் ஒரு எழவும் ஆகல! வேலைக்குக் கூப்பிடுறாங்கடி! இன்டர்வியூ!"

மஹ்ஜூபா எழுந்து வழுக்கி, சமாளித்து, கையுறையோடு ஓடினாள். தாமுவே கைப்பேசியை அவள் காதில் பிடித்துக்கொண்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தலைநகர் ரபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கை விரிக்கிற உதவியாளர் வேலை. இக்ராம்தான் கைப்பேசியிலேயே விண்ணப்பம் போட்டிருந்தாள். செவ்வாய் காலை பத்து மணிக்கு வரவேண்டும். அனுபவச் சான்றிதழ் இருந்தால் கொண்டுவர வேண்டும். செவ்வாய்க்கிழமை ஹம்மாம் மூடல். அந்த உத்தரவு முதல்தடவையாக அவளுக்கு உபயோகப்பட்டது.

திரும்பி வந்தபோது சூடறையே அவளுக்காகக் காத்திருந்தது. படுத்திருந்த கல்லூரிப் பெண் தலையை மட்டும் தூக்கினாள்.

"லல்லா, நான் மூணு இன்டர்வியூ போயிருக்கேன். முதல்ல உங்க குறை என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"முட்டி வலி."

"ஐயோ, செத்தோம்! அதையெல்லாம் சொல்லக் கூடாது. குறை மாதிரி தெரியணும், ஆனா உண்மையில நல்ல குணமா இருக்கணும். 'எல்லாத்தையும் ரொம்ப சுத்தமா செய்வேன், அதான் என் குறை'ன்னு சொல்லணும்."

"அதை எவ நம்புவா?"

"யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா எல்லாரும் அதைத்தான் சொல்லணும்."

ஆவிக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கேப்பாங்க, அதுக்கும் பதில் வெச்சுக்கோங்க!"

"அடுத்த புதன்கிழமை எங்க இருப்பேன்னே எனக்குத் தெரியல. அஞ்சு வருஷத்துக்கு நான் எங்க போக?" என்றாள் மஹ்ஜூபா. வாளிகளைத் தட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

அன்று மாலையே சான்றிதழ் கேட்டு முதலாளி ஹாஜி மீலூதைப் பார்க்கப் போனாள். மனிதர் கெட்டவர் இல்லை. எப்போது போனாலும் உட்காரச் சொல்லுவார், தேநீர் தருவார், வீட்டில் எல்லாரும் சுகமா என்று மூன்று தடவை விசாரிப்பார்.

"சான்றிதழா? எப்படிம்மா தர்றது? நீ என்கிட்ட வேலை பாக்கலையே."

"பத்தொம்போது வருஷமா உங்க ஹம்மாம்லதானே ஹாஜி கிடக்கிறேன்?"

"என் இடத்துல வேலை பாத்த. என்கிட்ட பாக்கல. நான் உனக்குச் சம்பளம் குடுத்தேனா? வந்தவங்க குடுத்தாங்க. நான் கையெழுத்துப் போட்டா, அப்பவே ஏன் காப்பீடு கட்டலைன்னு நாளைக்கு ஒருத்தன் வந்து என் கழுத்தைப் பிடிப்பான்."

"அப்ப இத்தனை வருஷமும் நான் யாருகிட்டதான் வேலை பாத்தேன்?"

"அல்லாஹ்கிட்ட பாத்தம்மா. அவன்கிட்ட கூலி இருக்கு."

"கூலி இருக்கட்டும் ஹாஜி. செவ்வாக்கிழமைக்குள்ள கையெழுத்து வாங்க அவ்வளவு தூரம் போக முடியாதே!"

ஹாஜி மீலூது விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது ஒரு டப்பா கறுப்பு ஒலிவ சோப்பைக் கையில் திணித்து, உனக்காக அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன் என்றார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை மஹ்ஜூபா பெருநாளுக்குத் தைத்த நீல ஜெல்லாபா அங்கியை மாட்டிக்கொண்டாள். இக்ராம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ம்மா, யாரையும் 'வா கண்ணு'ன்னு கூப்பிடாத. மதாம்னு சொல்லு. கத்திப் பேசாத, அது சூடறை இல்ல. சம்பளம் கேட்டா மூவாயிரத்தி ஐநூறு திர்ஹம்னு சொல்லு. அனுபவம் உள்ளவங்களுக்கு அவ்வளவுன்னு விளம்பரத்துலயே போட்டிருக்கு."

"அவ்வளவு கிடைச்சா ஹம்மாமுக்கு ஒரு கும்பிடு. ஆவிக்குள்ள போயி மூச்சு முட்டவேணாம்."

"கையைக் காட்டு." இக்ராம் தாயின் விரல்களை விரித்துப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி ஊறி நிரந்தரமாகச் சுருங்கிப்போன விரல் நுனிகள். "இதுல கொஞ்சம் எண்ணெயாவது தடவிக்கோயேன்."

"எண்ணெய் தடவினா பிடி வழுக்கும்டி," என்றாள் மஹ்ஜூபா பழக்கதோஷத்தில். பிறகு தடவிக்கொண்டாள்.

டிராம் நிறுத்தத்தில் மீன்கடைக்காரரின் மனைவி எதிரே வந்தாள். மூன்று நாள் முன்புதான் அவள் தொடையிலிருந்த பழைய தழும்பைக் கூசாமல் தேய்த்துவிட்டிருந்தாள் மஹ்ஜூபா. இப்போது மஹ்ஜூபா அவளைப் பார்க்காதவள் போல டிராம் வருகிற திசையைப் பார்த்தாள். தேய்த்துவிடுகிறவர்கள் வெளியே முந்திக்கொண்டு சலாம் சொல்வதில்லை. குளிக்க வருகிறவர்களாகச் சொன்னால் பதில் சொல்லலாம். துணியில்லாமல் பார்த்தவளை வீதியில் வைத்து 'தெரியும்' என்று காட்டிக்கொள்வது மரியாதையில்லை. தாமு அவளை வேலைக்குச் சேர்த்த முதல்நாள் சொன்னது அது ஒன்றுதான்.

மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் இருந்தார்கள். மற்ற பத்துப் பேரும் இக்ராமைவிட நான்கைந்து வயது மூத்தவர்கள். மடியில் வண்ண வண்ணக் கோப்புகள். மஹ்ஜூபாவின் உறையில் அடையாள அட்டையும் இக்ராம் அச்செடுத்துத் தந்த ஒற்றைக் காகிதமும் இருந்தன. பக்கத்திலிருந்தவள் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். "கடிக்காதேம்மா, ரத்தம் வந்துடும். உள்ள உக்காந்திருக்கிறவங்களும் குளிக்கிறவங்கதானே," என்றாள் மஹ்ஜூபா. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நகம் பிழைத்தது.

அவள் முறை வந்தபோது உள்ளே இருவர் இருந்தார்கள். ஒருவர் நரைத்த மீசை வைத்த தலைமைச் செவிலியர், ஸி இத்ரீஸ், அதாவது இத்ரீஸ் ஐயா. இன்னொருத்தி ஆள் எடுக்கிற அதிகாரி, மதாம் வஃபா. சாம்பல் நிறக் கோட்டு, கண்ணாடி, இஸ்திரி போட்டது போன்ற கூந்தல். மஹ்ஜூபா சலாம் சொன்னதற்குக் காகிதத்திலிருந்து முகத்தை எடுக்காமலே பதில் சொன்னாள். குரல் எங்கோ கேட்ட குரலாக இருந்தது. ஆவியில்லாத இடத்தில் மஹ்ஜூபாவுக்குக் குரல்கள் சட்டென்று பிடிபடுவதில்லை.

"உங்க குறைன்னு எதைச் சொல்லுவீங்க?"

அப்படியே கேட்டுவிட்டாள்! கல்லூரிப் பெண் சொல்லிக்கொடுத்த பதிலைத் தேடினால் அது ஆவியாகப் போயிருந்தது.

"கை கொஞ்சம் அழுத்தம், மதாம். மெதுவா தேய்னு சொல்றவங்களும் உண்டு, இன்னும் அழுத்துன்னு சொல்றவங்களும் உண்டு. ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்குவேன்."

ஸி இத்ரீஸ் மீசைக்குள் சிரித்தார். மதாம் வஃபா எதையோ எழுதினாள்.

"அஞ்சு வருஷம் கழிச்சு?"

"முட்டி ஒத்துழைச்சா இங்கதான் மதாம்." சொன்ன பிறகுதான் முட்டியைப் பற்றிச் சொல்லக் கூடாதென்பது ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்தது செய்முறை. அறை மூலையில் ஒரு கட்டிலில் பிளாஸ்டிக் நோயாளி படுத்திருந்தாள். ஆள் உயரம், ஆள் கனம், கூரையைப் பார்த்த நீலக் கண்கள்.

"இவங்க மூணு நாளா எழுந்திருக்கல. குளிப்பாட்டி, விரிப்பை மாத்துங்க," என்றார் ஸி இத்ரீஸ்.

மஹ்ஜூபா கையை மடித்துவிட்டுக்கொண்டாள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பிஸ்மில்லா சொன்னாள். முதலில் துண்டால் பொம்மையின் மார்பையும் இடுப்பையும் மூடினாள். "கண்ணை மூடிக்கோங்க லல்லா, சோப்பு," என்று பொம்மையிடம் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தாள். கழுத்து, கக்கம், விரலிடுக்கு. ஈரம் பட்ட இடத்தையெல்லாம் உடனே ஒற்றி எடுத்தாள். முன்பக்கம் முடிந்தது. கை தன்பாட்டுக்குத் தோளுக்குப் போயிற்று.

பட், பட்.

தட்டிவிட்டுக் காத்திருந்தாள். பொம்மை திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்க, பட், பட். "திரும்புங்க லல்லா, பின்னால ஆள் காத்திட்டிருக்காங்க."

ஸி இத்ரீஸ் வெடித்துச் சிரித்தார். மஹ்ஜூபாவின் முகம் காதுவரை சூடேறியது. வேலை போச்சு என்று நினைத்தபடி நிமிர்ந்தவள், மதாம் வஃபாவைப் பார்த்தாள்.

மதாம் வஃபா நாற்காலியில் இடதுபக்கமாகப் பாதி திரும்பியிருந்தாள். பேனா தரையில் உருண்டது. எதற்குத் திரும்பினோம் என்று அவளுக்கே தெரியாதது போல, விறைப்பாகத் திரும்பிய தோளை அவசரமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

அந்தத் தோளை மஹ்ஜூபாவுக்குத் தெரியும். முகம்தான் பிடிபட்டிருக்கவில்லை, ஆவிக்குள் அது கண்ணாடியும் கோட்டும் இல்லாத முகம். வியாழக்கிழமை வருகிறவள். இடது தோள்பட்டைக்குக் கீழே சின்னதாக ஒரு தீக்காயம். 'இன்னும் அழுத்தி, இன்னும் அழுத்தி' என்பாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுக்கு மருதாணித் தண்ணீர் ஊற்றியதே மஹ்ஜூபாதான்.

அவள் பொம்மையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் முழங்காலை மடக்கி, ஒரு கையை இடுப்பில் கொடுத்து, ஒரே கையால் புரட்டினாள். மறுகை அதே மூச்சில் பழைய விரிப்பைச் சுருட்டிப் புதியதைத் தள்ளியது. ஸி இத்ரீஸின் சிரிப்பு நின்றது.

"ஒத்தைக் கையால திருப்ப எங்க கத்துக்கிட்டீங்க?"

"பக்கவாதம் வந்தவங்களை மகளுங்க தூக்கிட்டு வருவாங்க, ஸி. தரை வழுக்கும். ஒரு கை எப்பவும் வாளிக்கு வேணும். மிச்சம் இருக்கிறது ஒரு கைதானே."

"திருப்பினதும் என்ன பாப்பீங்க?"

"குதிகால், வால் எலும்பு. செவந்திருந்தா மகள்கிட்ட சொல்லி அனுப்புவேன், அந்தப் பக்கமா படுக்க வைக்காதேன்னு."

ஸி இத்ரீஸ் மதாம் வஃபாவைப் பார்த்தார். "நான் டிப்ளமோ படிச்ச பத்துப் பேரைப் பாத்தாச்சு. எனக்கு இவங்க வேணும். அனுபவம் உள்ளவங்கன்னு போடுங்க."

"சான்றிதழ்?"

"இல்லைங்க மதாம்."

"நான் கண்ணால பாத்தேனே," என்றார் அவர்.

"நீங்க பாத்ததை ஃபைல்ல வைக்க முடியாதே, ஸி இத்ரீஸ்." மதாம் வஃபா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "உங்க வேலையைத் தெரிஞ்சவங்க, எழுதிக் குடுக்கக் கூடியவங்க யாராவது இருக்காங்களா? கொஞ்சம் பொறுப்பான உத்தியோகத்துல?"

மஹ்ஜூபா அவளைப் பார்த்தாள். மதாம் வஃபா அவளைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை போதும். மூவாயிரத்து ஐநூறு திர்ஹம் நாக்கு நுனியில் நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"இருக்காங்க மதாம். நல்ல நல்ல உத்தியோகத்துல இருக்காங்க. ஆனா பேர் சொல்ல மாட்டேன். எங்க வேலையில அது வழக்கமில்ல."

"அடடா! இந்த ஒண்ணுக்கே எடுத்துக்கலாம். நோயாளி ரகசியம் காக்கத்தான் நான் வருஷம் பூரா இங்க பாடம் நடத்துறேன்," என்றார் ஸி இத்ரீஸ்.

மதாம் வஃபா குனிந்து பேனாவை எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கடிதம் கைப்பேசியில் வந்தது. இக்ராம் பள்ளிக்கூடப் பையோடு ஹம்மாம் வாசலுக்கே ஓடிவந்து, "கிடைச்சிடுச்சும்மா!" என்று கத்தினாள். தாமு போட்ட குலவையில் தெருவில் போன கழுதை வண்டி நின்றுவிட்டது. உள்ளேயிருந்து சூடறையே பதில் குலவை போட்டது. யாரோ ஆரஞ்சுப் பழங்களை உரித்துப் பங்கு போட்டார்கள். மஹ்ஜூபா அழுதாள், சிரித்தாள், ஈரக்கையோடு மகளைக் கட்டிப்பிடித்து அவள் சீருடையை நனைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் பேரைத் 'திருமதி' போட்டு யாரும் எழுதியதில்லை. அந்த வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"மிச்சத்தையும் படிடி," என்றாள் தாமு.

இக்ராம் படித்தாள். வேலை திங்கள் முதல். ஞாயிறு விடுமுறை. அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "அனுபவம்: இல்லை. ஆறு மாதம் பயிற்சிக் காலம். பயிற்சிக் காலத்தில் பாதிச் சம்பளம். பொறுப்பு அதிகாரி, வஃபா."

"அனுபவம் இல்லையா? உனக்கா?" தாமு இடுப்பில் கை வைத்தாள். "எவடி அவ, அந்த வஃபா? எப்படியிருப்பா? இந்தப் பக்கம் வர்ற ஆளா?"

மஹ்ஜூபா ஒரு ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "எனக்கென்ன தெரியும், தாமு அக்கா. கோட்டுப் போட்ட ஒருத்தி."

பாதிச் சம்பளத்தில் ஹம்மாமை விட முடியாது. ஆகவே வாரத்தில் ஆறு நாள் அங்கே, ஞாயிறு இங்கே என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. "ஆறு மாசம்தானே, ஓடிப்போயிடும். பாதியோ முழுசோ, உத்தியோகம் உத்தியோகம்தான்," என்று மகளைத் தேற்றினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சந்தோஷம் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சூடறையில் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

மூன்றாவது ஆளை முடித்து வாளியைக் கவிழ்த்தபோது, ஆவிக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் ஒரு இளம்பெண்; பின்னால், கூந்தலை முடிந்து கட்டிக்கொண்டு, கண்ணாடியில்லாமல், மதாம் வஃபா. ஒன்றும் நடக்காதது போலத் தன் பாயை மஹ்ஜூபாவின் முன்னால் விரித்துக் குப்புறப் படுத்தாள். தீக்காயம் அதன் இடத்தில் இருந்தது.

"என் நாத்தனார்," என்றாள் தரையைப் பார்த்தபடி. "அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். வேற யார்கிட்டயும் போகாதேன்னு கையோட கூட்டிட்டு வந்துட்டேன். பதினாலு வருஷமா இந்தக் கைதான். எவ்வளவு வேலை தெரிஞ்ச கைன்னு படுத்துப் பாத்தாத்தான்டி தெரியும்."

நாத்தனார் மரியாதையாகத் தலையாட்டினாள். மஹ்ஜூபா கையுறையை நனைத்து இடுப்பிலிருந்து தோளுக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"இன்னும் அழுத்தி."

அழுத்தினாள். அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்தது. நாத்தனார் தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் போனதும் மதாம் வஃபா கன்னத்தைத் தரையில் வைத்தபடி, தணிந்த குரலில், அன்பாகவே சொன்னாள்: "நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க. பயப்படாதீங்க, என்ன? ஒரு ஆளை எப்படிக் குளிப்பாட்டுறதுன்னு எங்க பொண்ணுங்க முதல்லேர்ந்து பொறுமையா சொல்லிக் குடுப்பாங்க."

"சரிங்க மதாம்," என்றாள் மஹ்ஜூபா.

ஈரக்கையால் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். மதாம் வஃபா திரும்பிப் படுத்தாள்.